பாயிங்டன் வீழ்த்தியது 28 விமானங்களா, 24-ஆ? ஒரு தன்னார்வப் போர் விமானியின் காகிதங்களைப் படிக்கும் விதம்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானி கிரெகரி பாயிங்டன் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார்? அமெரிக்க மரைன் படையின் கணக்கில் 28. அதில் 22 அவர் மரைன் விமானியாகப் பசிபிக்கில் வீழ்த்தியவை. மீதி 6, அதற்கு முன் பர்மாவிலும் சீனாவிலும் தன்னார்வ விமானியாகப் பறந்தபோது வீழ்த்தியதாக அவரே சொன்னவை. அந்தத் தன்னார்வப் படையின் சொந்தக் கணக்கைப் பார்த்தால் அவர் பெயருக்கு எதிரே வானில் 2, தரையில் நின்றவற்றை அழித்ததில் பங்காக ஒன்றரை, ஆக மூன்றரைதான் இருக்கிறது. வான்சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டால் 22-உம் 2-உம் சேர்ந்து 24. மரைன் படையிலேயே 26 விமானங்களை வீழ்த்திய ஜோ ஃபாஸ் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறார். ஆகவே மரைன் விமானிகளில் முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்கே, எந்தக் காகிதத்தை நம்புகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

ஒருவர் மிகைப்படுத்திச் சொன்னதால் மட்டும் வந்த குழப்பமல்ல இது. சாதாரணப் படை விமானிக்குச் சேர்ந்த நாள் தொடங்கி விலகும் நாள் வரை ஒரே கோப்பு ஓடும். தன்னார்வ விமானிக்கு அப்படியில்லை. முன்னால் ஒரு படை, நடுவில் வேறொரு நாட்டுக்காக ஒரு தனியார் கம்பெனி, பின்னால் மறுபடியும் ஒரு படை. நடுவில் இருக்கும் அந்த ஓராண்டைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். படைக் கோப்புகளில் வெற்றிடமாகக் கிடப்பதும் அதுதான். அந்த ஓராண்டின் காகிதங்களில் பெரும்பாலானவை பணம் கொடுப்பதற்காகவோ கேட்பதற்காகவோ எழுதப்பட்டவை. அந்த நோக்கத்தை மறந்துவிட்டுப் படித்தால் கணக்கு தப்பும்.

ஒப்பந்தம் சொல்வதும் சொல்லாததும்

1941 கோடையில் அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. சீனாவின் சியாங் கை ஷேக் அரசுக்கு விமானப்படை ஆலோசகராக இருந்த கிளேர் ஷெனால்ட், ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ விமானி. அவர் திரட்டிய அமெரிக்கன் வாலண்டியர் குரூப் என்ற படையைத்தான் உலகம் பின்னாளில் 'பறக்கும் புலிகள்' என்று அழைத்தது. சுமார் 100 விமானிகள். அவர்களில் 60 பேர் கடற்படையிலிருந்தும் மரைன் படையிலிருந்தும், 40 பேர் ராணுவ வான்பிரிவிலிருந்தும் வந்தவர்கள். பதவியில் இருந்துகொண்டு அந்நிய நாட்டுக்காகச் சண்டையிட முடியாது. அதனால் ஒவ்வொருவரும் முதலில் ராஜினாமா செய்துவிட்டு, சென்ட்ரல் ஏர்கிராஃப்ட் மேனுஃபேக்சரிங் கம்பெனி என்ற நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். காம்கோ என்பது அதன் சுருக்கப் பெயர்.

அந்த ஒப்பந்தத்தில் போர் என்ற பேச்சே கிடையாது. விமானம் தயாரிப்பது, பழுதுபார்ப்பது, இயக்குவது என்றுதான் வேலை விவரிக்கப்பட்டிருந்தது. விமானிக்கு மாதம் 600 டாலர், ஃபிளைட் லீடருக்கு 675, ஸ்குவாட்ரன் லீடருக்கு 750. படையில் ஓர் இளம் அதிகாரி வாங்கியதைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். வீழ்த்தும் ஒவ்வொரு ஜப்பானிய விமானத்துக்கும் 500 டாலர் என்ற ஊக்கத்தொகை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் அது வாய்மொழி வாக்குறுதிதான், ஒப்பந்தத்தில் எழுதப்படவில்லை. சீனத் தரப்பு அதைப் பின்னால்தான் உறுதிப்படுத்தியது. தரையில் நிற்கும் விமானத்தை அழித்தாலும் அந்தத் தொகை உண்டு என்றும் பின்னால்தான் சேர்த்தது. ஆகவே ஒருவருடைய ஒப்பந்தத் தாளில் ஊக்கத்தொகை பற்றி ஒரு வரிகூட இல்லையே, இது போலியோ என்று சந்தேகப்படத் தேவையில்லை.

பாஸ்போர்ட்டும் அப்படியே. அதில் விமானி என்று போட்டுக்கொண்டு கப்பலேற முடியாது. ஷெனால்டின் பாஸ்போர்ட்டிலேயே தொழில் விவசாயம் என்றுதான் இருந்தது. பயணிகள் பட்டியலில் பெயரும் வயதும் பொருந்தி, தொழில் மட்டும் சம்பந்தமில்லாமல் இருந்தால் ஆளை விட்டுவிடக் கூடாது. கப்பல் பெயரைப் பிடியுங்கள். முக்கியக் குழு ஒன்று 1941 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து யாகர்ஸ்ஃபோன்டைன் என்ற டச்சுக் கப்பலில் புறப்பட்டது. பாயிங்டன் செப்டம்பரில் பாஸ்ஃபோன்டைனில் ஏறினார்.

பெயர் விஷயத்திலும் பாயிங்டன் நல்ல பாடம். 1934-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் பட்டம் வாங்கியபோது அவர் பெயர் கிரெகரி ஹாலன்பெக். மாற்றாந்தகப்பனைத்தான் சொந்தத் தகப்பன் என்று நினைத்து வளர்ந்திருந்தார். விமானி பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போனபோது, மணமானவர்களுக்கு இடமில்லை என்ற விதி குறுக்கே நின்றது. அவருக்கோ கல்யாணம் ஆகியிருந்தது. பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்ததில் பெற்ற தகப்பன் பெயர் பாயிங்டன் என்று தெரியவந்தது. கிரெகரி பாயிங்டன் என்ற பெயரில் திருமணப் பதிவு எதுவும் இல்லை. அந்தப் பெயரிலேயே சேர்ந்துவிட்டார். இப்போது அவருடைய கல்விப் பதிவை ஒரு பெயரிலும் படைப் பதிவை இன்னொரு பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தேடத் தொடங்கும் முன் அவர் வாழ்ந்த எல்லாப் பெயர்களையும், ஒவ்வொரு பெயரையும் எந்த ஆண்டுகளில் பயன்படுத்தினார் என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை.

லாக் புக்கின் ஒரு வரி

விமானியின் சொந்தப் பொருள்களில் மிகுந்த மதிப்புள்ளது லாக் புக். தேதி, விமான வகை, விமான எண், பறந்த நேரம், என்ன வகைப் பறப்பு, குறிப்பு என்று கட்டங்கள். நேரத்தை மணியும் பத்தில் ஒரு பங்குமாக எழுதுவார்கள், 1.2 என்றால் 1 மணி 12 நிமிடம், 1 மணி 20 நிமிடம் அல்ல. புதிதாகப் படிப்பவர்கள் இடறும் முதல் இடம் இதுதான்.

விமான எண் இரண்டு விதமாக வரும். காம்கோ வாங்கிய 100 கர்டிஸ் டோமஹாக் விமானங்கள், அதாவது பி-40 வகையின் ஏற்றுமதி வடிவம், பெட்டிகளில் ரங்கூன் துறைமுகம் வந்து சேர்ந்தன. அவற்றுக்குச் சீன வரிசை எண் பி-8101-இல் தொடங்குகிறது. உடற்பகுதியில் பெரிதாக எழுதியது 1 முதல் 99 வரையிலான எண். லாக் புக்கில் பெரும்பாலும் சிறிய எண்தான் இருக்கும். அதை வைத்து அந்த நாளின் விபத்துப் பட்டியலோடும் சண்டை அறிக்கையோடும் ஒப்பிடலாம். விமானி ஒருவர் சுறாப் பல் வரைந்த விமானத்தின் பக்கத்தில் நிற்கும் புகைப்படத்தை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். எது பறக்கும் நிலையில் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். படம் பிடிக்க எல்லோரும் எல்லா விமானத்தின் பக்கத்திலும் நின்றார்கள்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் ஹவாயில் டிசம்பர் 7. பர்மாவில் அது டிசம்பர் 8. அங்கே எழுதிய லாக் புக்கும் அமெரிக்காவில் தட்டச்சு செய்த பாராட்டுப் பத்திரமும் ஒரு நாள் விலகி நின்றால் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மை பேசும். தினமும் எழுதிய பக்கத்தில் பேனாவும் அழுத்தமும் கையெழுத்தின் சாய்வும் வரிக்கு வரி மாறும். இருபது வரிகள் ஒரே மையில், ஒரே சீராக ஓடினால் அது பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்தோ வேறொரு தாளிலிருந்தோ நிரப்பியது. அது பொய்யாகிவிடாது. ஆனால் அந்த வரிகளின் தேதியைத் தனிச் சான்றாக எடுக்கக் கூடாது. ரங்கூனிலிருந்து மக்வே, அங்கிருந்து லோய்விங், குன்மிங் என்று பின்வாங்கிக்கொண்டே இருந்த படையில் புத்தகத்தைத் தினமும் எழுத எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அழிக்கப்பட்ட பென்சில் எழுத்தைப் பார்க்க, அறையை இருட்டாக்கி, விளக்கைத் தாளின் பக்கவாட்டில் ஏறக்குறையத் தாளோடு படுக்கவைத்துப் படம் எடுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். ஸ்கேன் செய்தால் 600 டிபிஐ. தையலைப் பிரிக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப் ஒட்டிய இடம் சில ஆண்டுகளில் பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும்.

பட்டுத்துணி அடையாளச் சீட்டுக்கும் இதே எச்சரிக்கை. சீன தேசியக் கொடி அச்சிட்டு, 'சீனாவுக்கு வந்து போரில் உதவும் வெளிநாட்டவர் இவர். படையினரும் மக்களும் காப்பாற்றுக' என்ற பொருளில் சீன எழுத்துகள் பொறித்து, எண்ணும் முத்திரையும் இட்ட துணி அது. ஜாக்கெட்டில் தைத்துக்கொள்வார்கள். இதற்கு நகல்கள் ஏராளம். ஓரங்களில் தையல் ஊசி போன துளைகள், வியர்வைக் கறை, மடிப்பில் நைந்த இழை இவற்றைப் பாருங்கள். குடும்பத்திடம் இருக்கும் எண்ணும் பழைய பட்டியலில் உள்ள எண்ணும் பொருந்தினால்தான் அது அவருடையது.

சண்டை அறிக்கையும் 500 டாலரும்

சண்டை முடிந்து இறங்கியதும் விமானி எழுதித் தருவது சண்டை அறிக்கை. எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில், எந்த வகை எதிரி விமானம், என்ன ஆனது என்பது அதில் இருக்கும். நேரத்தையும் இடத்தையும் பெரும்பாலும் நம்பலாம். விமான வகையை நம்பக் கூடாது. அறிக்கைகளில் 'ஜீரோ' என்று மறுபடி மறுபடி வரும். ஜீரோ ஜப்பானியக் கடற்படையின் விமானம். பர்மாவில் இவர்கள் மோதியது ராணுவத்தின் கி-27, கி-43 போர் விமானங்களோடு. கி-27-க்குச் சக்கரம் மடங்காது. அறிக்கையில் 'சக்கரம் வெளியே இருந்தது' என்று ஒரு சொல் இருந்தால், தலைப்பில் என்ன எழுதியிருந்தாலும் அது கி-27.

வீழ்த்தியதாகச் சொல்லும் எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்பதற்கு ஷெனால்ட் கற்றுக்கொடுத்த உத்தியே பாதிக் காரணம். டோமஹாக் கனமானது. ஜப்பானிய விமானத்தோடு வட்டமிட்டுத் திரும்பினால் தோற்கும். தலைகீழாகப் பாய்வதில் ஜெயிக்கும். ஆகவே உயரத்திலிருந்து பாய், சுடு, நில்லாமல் விலகு, மறுபடி ஏறு என்பது கட்டளை. உயிரைக் காப்பாற்றிய உத்தி அதுதான். ஆனால் அப்படிப் பறப்பவர் தான் சுட்ட விமானம் விழுந்ததா என்று திரும்பிப் பார்க்க வாய்ப்பே இல்லை. எதிரி விமானி திடீரென்று முழு வேகம் கொடுத்தால் வெளிப்படும் கரும்புகை, தீப்பிடித்த மாதிரித் தெரியும். ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூவருமே விழக் கண்டதாக எழுதுவார்கள். ரங்கூன் சண்டைகள் பல மார்த்தபான் வளைகுடாவின் மேல் நடந்தன. கடலுக்குள் போனதை எண்ண முடியாது. படை முழுவதற்கும் அதிகாரபூர்வமாகத் தரப்பட்ட எண் 297, அதில் வானில் 229. ஜப்பானியத் தரப்பு இழப்புப் பதிவுகளோடு ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வு சுமார் 115-க்குத்தான் வருகிறது. இந்த விகிதம் வெட்கப்பட வேண்டியது அல்ல. அந்தப் போரில் எல்லா நாட்டு விமானிகளின் கணக்கிலும் இப்படி நடந்திருக்கிறது.

ஊக்கத்தொகைக் கணக்கைத் தனியாகப் படிக்க வேண்டும். அது சம்பளப் பேரேடு. சில பெயர்களுக்கு எதிரே 0.27 என்ற பின்னம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1941 டிசம்பர் 20-இல் குன்மிங் அருகே நடந்த முதல் சண்டையில் வீழ்ந்ததாக ஏற்ற 4 குண்டுவீச்சு விமானங்களின் பணத்தை 15 பேர் சமமாகப் பிரித்துக்கொண்டதன் தடம் அது. நாலை பதினைந்தால் வகுத்தால் 0.27. இந்தப் பின்னத்தைப் பார்த்து, ஒருவர் கால்வாசி விமானத்தைச் சுட்டார் என்று எழுதுவது அபத்தம். சுடாதவருக்கும் அது வரும், தனியாகவே ஒன்றை வீழ்த்தியவருக்கும் அதேதான் வரும். பாயிங்டனின் மூன்றரையில் ஒன்றரை தரைத் தாக்குதல் பங்கு என்பதும் பணக் கணக்குதான். மூன்றரைக்கு 1,750 டாலர். வான்வெற்றியை எண்ணும் மரைன் படைக்கு அந்த ஒன்றரையால் உபயோகமில்லை.

அப்படியானால் 6 எங்கிருந்து வந்தது? அவர் 1942 ஏப்ரலில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு விலகினார். மறுபடி மரைன் படையில் சேர்ந்தது செப்டம்பர் 29. இடைப்பட்ட மாதங்களில் அவர் எந்தப் படையின் ஆளும் இல்லை. திரும்பச் சேர்ந்தபோது அவர் சொன்ன எண்ணை மரைன் படை ஏற்றுக்கொண்டது. காம்கோவின் பேரேடு அவர்கள் மேசையில் இல்லை. 1944 ஜனவரி 3-இல் சுட்டு வீழ்த்தப்பட்டு ஜப்பானியரிடம் சிறைப்பட்டபோது அவர் கணக்கு 26 என்று பத்திரிகைகளில் வந்தது. சிறை மீண்டபின் அன்றைய சண்டையில் மேலும் இரண்டைச் சேர்த்தார்கள். 28 என்ற எண்ணுக்குள் இப்படி மூன்று வெவ்வேறு தரத்துச் சான்றுகள் அடங்கியிருக்கின்றன: கூடப் பறந்தவர்கள் கண்டது, திரும்பி வந்தவர் சொன்னது, இன்னொரு படையின் கணக்காக அவரே கொண்டுவந்தது. என் கணிப்பில் 24 தான் சான்றுக்கு நெருங்கிய எண். அதனால் அவர் வீரம் ஒரு குன்றிமணியும் குறையாது.

இந்த அறிக்கைகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அன்றைய ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்களும் அவர்களில் பெருந்தொகை. 1941 டிசம்பர் 23-இலும் 25-இலும் ஜப்பானிய விமானங்கள் நகரின் மேல் வந்தன. மிங்கலடோன் தளத்திலிருந்து பிரிட்டிஷ் பஃபலோ விமானங்களும் டோமஹாக்குகளும் எழும்பின. தன்னார்வலர்களில் இருவர் முதல் நாளே இறந்தார்கள். 'குண்டு போட்ட அன்னிக்கு' என்று தொடங்கும் குடும்பக் கதைகள் நம்மிடம் நிறைய. அது 23-ஆ 25-ஆ, காலையா மதியமா என்று பிரித்தறிய அந்த நாள்களின் சண்டை அறிக்கைகளை விடத் துல்லியமான நேரக் குறிப்பு கிடைப்பது அரிது.

செயின்ட் லூயிஸும் எரிந்த கோப்புகளும்

படைக் கோப்புக்குக் கேட்க வேண்டிய இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையம். படிவம் எஸ்எஃப்-180. படையில் பயன்படுத்திய முழுப்பெயர், பணி எண், எந்தப் படை, சேர்ந்த-விலகிய தேதிகள், பிறந்த தேதி, ஊர் இவ்வளவும் இருந்தால் நல்லது. விலகி 62 ஆண்டுகள் ஆகிவிட்டால் கோப்பு பொது ஆவணம். குடும்பத்தார் அல்லாதவரும் நகல் வாங்கலாம்.

1973 ஜூலை 12 அன்று அந்தக் கட்டடத்தில் பற்றிய தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் போயின. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. போர்க்கால வான்படை ராணுவத்தின் அங்கம் என்பதால் அதுவும் இதற்குள் அடங்கும். கடற்படை, மரைன் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தன்னார்வலர்களைத் தேடுவோருக்கு இது கைவிளக்கு மாதிரி. டெக்ஸ் ஹில் கடற்படை விமானியாக இருந்து தன்னார்வப் படைக்கு வந்தவர். 1942 ஜூலையில் சீனாவிலேயே ராணுவ வான்படையில் சேர்ந்தார். இப்படிப்பட்டவருக்கு இரண்டு பணி எண்கள், இரண்டு கோப்புகள். ராணுவக் கோப்பைக் கேட்டு 'எரிந்துவிட்டது' என்று பதில் வந்தால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கடற்படைக் கோப்பைத் தனி விண்ணப்பத்தில் கேளுங்கள். ராஜினாமாக் கடிதமும், எந்த நாளில் யார் ஒப்புதலோடு விடுவித்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். எரிந்த பக்கத்துக்கு மாற்றாகக் கடைசிச் சம்பளப் பட்டுவாடாச் சீட்டை வைத்து மையமே சான்று தயாரித்துத் தரும்.

இன்னும் இரண்டு இடங்களில் வீணாக அலைய வேண்டாம். டிடி-214 என்ற விடுவிப்புப் படிவம் 1950-இல்தான் வந்தது. போர்க்கால ஆளுக்கு அதைக் கேட்டுப் பயனில்லை. விமானம் காணாமல் போனால் எழுதும் தனி அறிக்கை முறை 1943-இல் தொடங்கியது. 1942 பர்மா இழப்புகளுக்கு அதைத் தேடுவதைவிடப் படையின் போர் நாட்குறிப்பைப் பார்ப்பதே வழி.

நடுவில் கிடந்த அந்த ஓராண்டுக்கு அரசு ஒரு பெயர் வைக்க 50 ஆண்டுகள் ஆயின. காம்கோவின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் படையினர் அல்லர் என்பதால் பணிமூப்பிலும் முன்னாள் படையினர் சலுகையிலும் அந்த மாதங்கள் விழவே இல்லை. 1991-இல்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதைப் படைப்பணியாக ஏற்றது. ஏற்ற விதம் கவனிக்கத்தக்கது: 1941 டிசம்பர் 7 முதல் 1942 ஜூலை 18 வரை பணியாற்றி, கண்ணியமாக விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். போர் தொடங்கிய பிறகு ஒப்பந்தத்தை முறித்துப் போனவர்களுக்குப் படை கண்ணியமற்ற விடுவிப்பு என்று பதிந்திருந்தது. அந்த ஒரு சொல் இங்கே கதவைச் சாத்தியது. படை கலைந்தது ஜூலை 4. புதியவர்கள் வரும்வரை இரண்டு வாரம் கூடுதலாக இருக்கச் சிலர் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான் பெட்டாச் ஜூலை 10-இல் தாக்குதல் ஒன்றில் இறந்தார். அவர் இறந்த நாள் இந்த வரம்புக்குள் வருகிறது. போர் தொடங்குமுன் பர்மாவின் டவுங்கூ தளத்தில் அதே டோமஹாக்கைப் பழகும்போது இறந்த மூன்று விமானிகளின் நாள்கள் வரவில்லை.